டூட்டி சார்ட்டைப் பார்த்துவிட்டு மராத்தானுக்குப் பெயர் கொடுங்கள்

நெடுந்தூர ஓட்டம், சைக்கிள் பற்றிக் குமரி மாவட்ட வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இந்த இதழில் பதில் தருகிறோம். ஆண்டுக்கான இலக்கை எப்படி வைப்பது, வீட்டில் யாரையும் வாட்டாமல் அதை எப்படி முடிப்பது என்பதுதான் பெரும்பாலானவர்களின் கேள்வி.

வயது 38, பள்ளி ஆசிரியர். மனைவி நர்ஸ், மாதம் ஒரு வாரம் நைட் டூட்டி. 9, 5 வயதில் இரண்டு பிள்ளைகள். இதுவரை மூன்று அரை மராத்தான் ஓடியிருக்கிறேன். சிறந்த நேரம் 2 மணி 10 நிமிடம். வரும் ஆண்டில் முழு மராத்தான், 200 கி.மீ. பிரெவே, அரை அயர்ன்மேன் மூன்றையும் முடிக்க ஆசை. எப்படித் திட்டமிடலாம்?
– நாகர்கோவில் வாசகர்

மூன்றும் நல்ல ஆசைதான். பிரெவே என்பது குறித்த நேரத்துக்குள் முடிக்க வேண்டிய நெடுந்தூர சைக்கிள் பயணம். ஆனால் ஒரே ஆண்டில் வேண்டாம். அரை அயர்ன்மேன் என்றால் 1.9 கி.மீ. நீச்சல், 90 கி.மீ. சைக்கிள், 21.1 கி.மீ. ஓட்டம். அதற்கு வாரம் எட்டிலிருந்து பத்து மணி நேரம் பயிற்சி வேண்டும். மராத்தானுக்கு ஆறு மணி நேரம் போதும். உங்கள் வீட்டில் எத்தனை மணி நேரம் இருக்கிறது என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். இரண்டு வாரம் ஒரு நோட்டில் குறித்து வாருங்கள்: பள்ளி, பயணம், பிள்ளைகளின் பாடம், கடை, சமையலில் உங்கள் பங்கு, தூக்கம் 7 மணி நேரம். இவை போக மிஞ்சுவது எட்டு மணி நேரம் என்றால், ஆறரை மணி நேரத்துக்கு மட்டும் திட்டம் போடுங்கள். மிச்சத்தைப் பிள்ளையின் காய்ச்சலும் உறவினர் கல்யாணமும் எடுத்துக்கொள்ளும்.

ஆகவே இந்த ஆண்டின் முதன்மைப் போட்டி முழு மராத்தான் மட்டும். அதுவும் ஜனவரி இரண்டாம் ஞாயிறு வாக்கில் வரும் போட்டியாகப் பாருங்கள். காரணம் இருக்கிறது. 16 வாரப் பயிற்சி செப்டம்பர் மூன்றாம், நான்காம் வாரத்தில் தொடங்கும். இடவப்பாதி மழை (தென்மேற்குப் பருவமழை) அதற்குள் தணிந்திருக்கும். ஐப்பசி மழை நடுவில் வரும். அந்த வாரங்களில் லாங் ரன், அதாவது வாரத்தின் நீண்ட ஓட்டம், 22 முதல் 26 கி.மீ. வரைதான், ஒரு நாள் தள்ளிப்போட்டாலும் குடி முழுகாது. 30 கி.மீ. ஓட்டம் டிசம்பர் மூன்றாம் வாரம் விழும். அரையாண்டுத் தேர்வும் அப்போதுதான். ஆனால் விடைத்தாள்களைக் கிறிஸ்துமஸ் விடுமுறையில் திருத்தலாம். பண்டிகை நாட்களில் நீங்கள் டேப்பரில், அதாவது தூரத்தைக் குறைத்து உடலைத் தேற்றும் கட்டத்தில் இருப்பீர்கள். விருந்தாளிகள் வரும்போது களைத்துக் கிடக்க வேண்டியதில்லை.

இப்போது நைட் டூட்டி. பெரும்பாலான பயிற்சித் திட்டங்களில் நான்கு வாரத்துக்கு ஒருமுறை தூரத்தைக் குறைக்கும் வாரம் உண்டு. அந்த வாரத்தை உங்கள் மனைவியின் நைட் டூட்டி வாரத்தோடு பொருத்திவிடுங்கள். அவர் வீட்டில் இல்லாத இரவில், பிள்ளைகளைத் தனியே விட்டுவிட்டு நாலு மணிக்கு நீங்கள் கிளம்ப முடியாது. காலையில் வீடு திரும்புகிறவருக்குத் தூக்கமும் வேண்டும். அந்த வாரம் சனிக்கிழமை மாலை, அவர் டூட்டிக்குக் கிளம்பும் முன் ஓடி முடித்துவிடலாம்.

ஞாயிறு லாங் ரன் கிலோமீட்டரில் இப்படிப் போகட்டும்: 16, 18, 20, 12, அடுத்த நாலு வாரம் 22, 24, 25, 14, பிறகு 26, 28, 28, 16, கடைசியாக 30, 20, 14, போட்டி. பதினாறாவது வாரம்தான் சிக்கல். கணக்குப்படி போட்டி வாரமே நைட் டூட்டி வாரமாக வரும். டூட்டி மாற்றித் தரும்படி கேட்க வேண்டியது அந்த ஒரு வாரத்துக்கு மட்டும்தான். அதை அக்டோபரிலேயே உங்கள் மனைவி மூலம் கேட்டு வைத்துவிடுங்கள்.

பலர் 32, 35 கி.மீ. வரை ஓடுகிறார்களே என்று கேட்பீர்கள். உங்கள் வேகத்துக்கு அது வேண்டாம். உங்கள் அரை மராத்தான் நேரமான 130 நிமிடத்தை 2.085-ஆல் பெருக்கினால் முழு மராத்தானுக்கான உத்தேச நேரம் வரும்: 271 நிமிடம், அதாவது 4 மணி 31 நிமிடம். வாரம் நாற்பது, ஐம்பது கி.மீ. மட்டும் ஓடுபவர் அதோடு பத்துப் பதினைந்து நிமிடம் கூட்டிக்கொள்வது நல்லது. 4:45 என்று வையுங்கள். கிலோமீட்டருக்கு 6 நிமிடம் 45 விநாடி. லாங் ரன் அதைவிட நிதானமாக, 7:10 வேகத்தில். அப்படி ஓடினால் 30 கி.மீ. முடிக்கவே மூன்றரை மணி நேரத்துக்கு மேல் ஆகிறது. அதைத் தாண்டினால் கிடைக்கும் பலன் கொஞ்சம்; முழங்காலும் குதிகாலும் கொடுக்கும் விலை பெரிது. ஞாயிறு மதியம் பிள்ளைகளோடு இருக்க வேண்டிய நேரமும் தூக்கத்தில் போய்விடும்.

வார நாட்களில் செவ்வாய் 50 நிமிடம், வியாழன் 60 நிமிடம், சனி 30 நிமிடம். செவ்வாயும் சனியும் பேச்சு வரும் வேகத்தில். வியாழன் மட்டும் நடுவில் 25 நிமிடம் சற்றுக் கடினமாக, இரண்டு மூன்று வார்த்தைக்கு மேல் பேச முடியாதபடி. சனி ஓட்டம் முடிந்ததும் வீட்டு வாசலிலேயே பத்து நிமிடம்: படிக்கட்டு விளிம்பில் நின்று குதிகாலை ஏற்றி இறக்குவது காலுக்கு 15 வீதம் மூன்று முறை, ஒற்றைக்கால் அரை உட்கார்வு 10 வீதம் மூன்று முறை.

அதிகாலை நாலு மணி இருட்டில் தலைவிளக்கும் எதிரொளிப்புப் பட்டையும் இல்லாமல் இறங்காதீர்கள். தெருநாய் துரத்தினால் ஓட்டத்தை நிறுத்தி, முகத்தை அதன் பக்கம் வைத்து மெதுவாக நடந்து கடந்துவிடுங்கள்.

மராத்தான் முடிந்த இரண்டு வாரம் ஓடவே வேண்டாம், நடந்தால் போதும். ஆசை தணியாவிட்டால் ஆகஸ்டில் ஒரு 10 கி.மீ. ஓடுங்கள். 200 கி.மீ. பிரெவே அதற்கு அடுத்த ஆண்டு; அரை அயர்ன்மேன் பிள்ளைகள் இன்னும் வளர்ந்த பிறகு. நீச்சலை மட்டும் இப்போதே வாரம் ஒரு நாள் நீச்சல் குளத்தில், பயிற்சியாளரிடம், மூத்த பிள்ளையையும் சேர்த்துக் கற்கத் தொடங்கலாம். கன்னியாகுமரியிலும் முட்டத்திலும் கடலில் பாறையும் இழுப்பும் உண்டு. அங்கே நீச்சல் கற்க வேண்டாம்.

என் வீட்டுக்காரர் ஞாயிறு காலை நாலரைக்கு ஓடப் போனால் ஒன்பது மணிக்கு வருகிறார். சர்ச் பூசைக்கு நானும் பிள்ளைகளும் மட்டும் போகிறோம். வந்ததும் மதியம் வரை தூக்கம். ஷூ, போட்டிக் கட்டணம், ரயில், லாட்ஜ் என்று பணமும் போகிறது. வேண்டாம் என்று சொல்லவும் மனசில்லை. என்ன செய்வது?
– குளச்சல் வாசகி

உங்கள் குறை நியாயமானது. வேண்டாம் என்று சொல்லத் தேவையும் இல்லை. நேரத்தை மாற்றினால் தீரும். பூசை ஏழரைக்கு என்றால் அவர் மூன்றரைக்குக் கிளம்பி ஏழுக்குள் வீடு வர வேண்டும். அதற்குச் சனி இரவு எட்டரைக்குப் படுக்க வேண்டும். அந்த நேரத்துக்குச் சாப்பாடு தயாராக இருக்க நீங்களும் உதவலாம். மாலைப் பூசை இருக்கும் பங்குக் கோவில் என்றால் மாதம் இரண்டு ஞாயிறு குடும்பமாக அதற்குப் போகலாம்.

மதியம் வரை தூங்குவதற்குப் பெரும்பாலும் இரண்டு காரணங்கள். ஒன்று, லாங் ரன்னைப் போட்டி வேகத்தில் ஓடுவது. இன்னொன்று, ஓடி வந்து ஒரு மணி நேரமாகியும் ஒன்றும் சாப்பிடாமல் இருப்பது. நிதானமாக ஓடி, வந்த அரை மணி நேரத்துக்குள் நாலு இட்லி அல்லது ஒரு குற்றிப் புட்டும் கடலையும், இரண்டு முட்டை சாப்பிட்டால், அரை மணி நேரத் தூக்கம் போதும். அலாரம் வைத்து எழட்டும். பத்து மணியிலிருந்து ஒரு மணி வரை பிள்ளைகள் அவர் பொறுப்பு என்று பேசி வையுங்கள். இது அவருக்கான தண்டனை இல்லை. அந்த மூன்று மணி நேரத்தில் நீங்கள் தூங்கலாம், உங்கள் அம்மா வீட்டுக்குப் போகலாம், ஒன்றும் செய்யாமலும் இருக்கலாம்.

பணத்தை ஆண்டுத் தொடக்கத்திலேயே ஒரு தாளில் எழுதச் சொல்லுங்கள். ஒரு ஜோடி ஷூ 600 முதல் 800 கி.மீ. வரை தாங்கும். ஆண்டுக்கு 1,500 கி.மீ. ஓடுபவருக்கு இரண்டு ஜோடி போதும். நிறம் பிடித்து வாங்கும் மூன்றாவது ஜோடி தேவையில்லை. வெளியூர்ப் போட்டி ஆண்டுக்கு ஒன்று. ரயில் முன்பதிவு 60 நாளுக்கு முன்புதான் திறக்கிறது. ஜனவரியில் பொங்கலை ஒட்டிச் சென்னையில் ஓடிவிட்டுத் திரும்புபவர் பண்டிகைக் கூட்டத்தில் மாட்டிக்கொள்வார். போகும் டிக்கெட் எடுக்கும்போதே திரும்பும் தேதி திறக்கும் நாளையும் குறித்து வைத்து, அன்று காலை எட்டு மணிக்கே எடுத்துவிட வேண்டும். அந்தப் பயணத்தை உங்களுக்கும் பிள்ளைகளுக்கும் சுற்றுலா என்று அவர் சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். போட்டிக்கு முந்தின நாள் அவர் காலை நீட்டிப் படுத்திருப்பார், போட்டியன்று நொண்டுவார். சுற்றுலா தனியாகப் போங்கள்.

ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டுகிறேன். மூன்று மணிக்கு எழுந்து, பதினொரு மணிக்கு வேலை முடியும். கியர் சைக்கிள் இருக்கிறது, 60 கி.மீ. வரை போயிருக்கிறேன். 200 கி.மீ. பிரெவே முடிக்க முடியுமா? எந்த மாதம் பார்க்கலாம்?
– குலசேகரம் வாசகர்

கண்டிப்பாக முடியும். ஆசிரியருக்குச் சொன்ன ஆண்டுக்கணக்கு உங்களுக்குப் பொருந்தாது. உங்கள் ஆண்டு ரப்பர் மரத்தோடு போகிறது. இலை உதிர்ந்து வெட்டு நிற்கும் பிப்ரவரி, மார்ச்தான் உங்களுக்குக் காலையில் தூக்கம் கிடைக்கும் காலம். பிரெவேயை மார்ச்சில் வையுங்கள். அதற்கு முன் டிசம்பரிலிருந்து ஞாயிறு தூரத்தை 60, 75, 90, 60, 100, 120, 80, 130, 150 என்று ஏற்றுங்கள். 150 முடித்தவர் 200 முடிப்பார். வார நாட்களில் இரண்டு நாள் மட்டும், மாலை மூன்றரை முதல் ஐந்து வரை. இரவு எட்டரைக்குப் படுக்க முடியாத நாளில் சைக்கிள் வேண்டாம்.

நீங்கள் குனிந்து குனிந்து வெட்டுகிறவர். இடுப்பும் மணிக்கட்டும் ஏற்கெனவே களைத்திருக்கும். கைப்பிடியை ஒன்றிரண்டு சென்டிமீட்டர் உயர்த்துங்கள், 100 கி.மீ. தாண்டியதும் அதன் அருமை தெரியும்.

200 கி.மீ.க்கு நேரம் 13 மணி 30 நிமிடம். மணிக்கு 22 கி.மீ. போனால் மிதிக்கும் நேரம் ஒன்பது மணி ஐந்து நிமிடம். நாலு இடத்தில் இருபது நிமிடம் நின்றாலும் பத்தரை மணி நேரத்துக்குள் முடியும். தவறவிடுகிறவர்களில் பலர் கால் வலுவில்லாமல் தவறவிடுவதில்லை. முதல் 50 கி.மீ. கூட்டத்தோடு 28 வேகத்தில் பாய்ந்துவிட்டு, பிறகு டீக்கடை டீக்கடையாக நாற்பது நிமிடம் உட்கார்ந்துவிடுகிறார்கள். 100 கி.மீ. கண்ட்ரோல், அதாவது கார்டில் முத்திரை வாங்கும் இடம், 6 மணி 40 நிமிடத்தில் மூடிவிடும். பிரெவே கார்டில் அந்த நேரங்களைப் பார்த்து, ஒரு தாளில் எழுதி மேல் டியூபில் ஒட்டிக்கொள்ளுங்கள்.

பையில் டியூப் இரண்டு, டயர் லீவர், பஞ்சர் ஒட்டும் சாமான், பம்ப், செயின் கழற்றும் வசதியுள்ள மல்டிடூல், அறுந்த செயினை இணைக்க ஒரு குயிக் லிங்க். முன்னும் பின்னும் விளக்கு, எதிரொளிப்பு மேலாடை. 28 மி.மீ. டயருக்கு, 70 கிலோ எடையுள்ளவர் 75 பிஎஸ்ஐ வைத்தால் போதும். 100 வரை ஏற்றினால் ஈரச் சாலையில் வழுக்கும், மேடுபள்ளத்தில் கை மரத்துப்போகும். குலசேகரத்திலிருந்து நாகர்கோவில் வழியாகக் கன்னியாகுமரி போய்த் திரும்பினால் நூற்றுச் சொச்சம் கிலோமீட்டர். நல்ல பயிற்சித் தடம். ஆனால் கடலோரம் போய்வந்த அன்றே செயினைத் துணியால் துடைத்து எண்ணெய் இடுங்கள். உப்புக்காற்றில் இரண்டே நாளில் துரு பூக்கும். பேச்சிப்பாறைப் பக்கம் மழையில் இறங்கினால் செம்மண் சேறு பிரேக் கட்டையில் ஏறி, கட்டையையும் ரிம்மையும் அரைக்கும். வீட்டுக்கு வந்ததும் தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள்.

ஒன்று மறக்க வேண்டாம். ஜூன் முதல் செப்டம்பர் வரை ஆரல்வாய்மொழிக் கணவாயில் மேற்கிலிருந்து காற்று அடிக்கும். முப்பந்தலில் காற்றாலைகள் நிற்பதே அதற்காகத்தான். வள்ளியூர்ப் பக்கம் போகும்போது தள்ளிவிடும். திரும்பும்போது மணிக்கு 14 வேகம்கூட வராது. அந்த மாதங்களில் அந்தப் பக்கம் போனால் போன நேரத்தைப் போல ஒன்றரை மடங்கு திரும்ப வைத்துக்கொள்ளுங்கள்.

குழந்தைக்கு ஏழு மாதம். சுகப்பிரசவம். தாய்ப்பால் கொடுக்கிறேன். முன்பு 10 கி.மீ. ஓடுவேன். இந்த ஆண்டே மறுபடி தொடங்கலாமா? ஓடினால் பால் வற்றும் என்கிறார் மாமி.
– மார்த்தாண்டம் வாசகி

பால் வற்றாது. மிதமான ஓட்டம் பாலின் அளவையோ தரத்தையோ கெடுப்பதில்லை. சாப்பாடும் தண்ணீரும் குறைந்தால்தான் குறையும். மாமியின் கவலையில் அந்த அளவுக்கு உண்மை இருக்கிறது, அதை அவரிடமும் சொல்லுங்கள். குழந்தைக்குப் பால் கொடுத்த உடனே ஓடப் போனால் மார்பு பாரமாக இருக்காது. இறுக்கமான ஸ்போர்ட்ஸ் பிராவை வந்ததும் கழற்றிவிடுங்கள். மணிக்கணக்கில் போட்டிருந்தால் பால் கட்டிக்கொள்ளும்.

பிரசவமாகிக் குறைந்தது 12 வாரம் ஓடக்கூடாது என்பது பொது விதி. அதை நீங்கள் தாண்டிவிட்டீர்கள். இருந்தாலும் மாதத்தை மட்டும் பார்த்து முடிவெடுக்காதீர்கள். அரை மணி நேரம் வேகமாக நடங்கள். ஒற்றைக்காலில் பத்து விநாடி நில்லுங்கள். நின்ற இடத்திலேயே ஒரு நிமிடம் ஓடுங்கள். ஒவ்வொரு காலிலும் பத்து முறை நொண்டியடியுங்கள். சிறுநீர் கசிந்தாலோ, அடிவயிற்றுக்குக் கீழே ஏதோ இறங்குவதுபோல் பாரம் தெரிந்தாலோ, இடுப்பில் வலித்தாலோ இன்னும் ஓட வேண்டாம். மகப்பேறு மருத்துவரையோ பிசியோதெரபிஸ்ட்டையோ பாருங்கள். பிள்ளை பெற்றவளுக்கு இது சகஜம் என்று சொல்லிப் பலரும் வாயை மூடிக்கொள்கிறார்கள். சரிசெய்யக்கூடிய குறை இது. ஹீமோகுளோபினும் ஃபெரிட்டினும் (உடலில் சேமித்த இரும்புச்சத்தின் அளவு) பார்த்துவிடுங்கள்.

எல்லாம் சரி என்றால் வாரம் மூன்று நாள், ஒரு நிமிடம் ஓட்டம், இரண்டு நிமிடம் நடை, எட்டு முறை. வாரத்துக்கு வாரம் ஓடும் நேரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டி, நடக்கும் நேரத்தைக் குறையுங்கள். மூன்று மாதத்தில் அரை மணி நேரம் நிற்காமல் ஓடலாம். ஆறாம் மாதத்தில் 10 கி.மீ. அதுதான் இந்த ஆண்டு இலக்கு. நேரம் எதுவும் குறிக்காதீர்கள். மாமியிடம் தினமும் குழந்தையைப் பார்க்கச் சொல்வதைவிட, செவ்வாய், வியாழன், சனி காலை 5:45 முதல் 6:25 வரை என்று திட்டமாகக் கேட்டுப் பாருங்கள். எல்லை தெரிந்த உதவியை யாரும் மறுப்பது குறைவு. இரவு முழுக்கக் குழந்தை விழித்திருந்தால் மறுநாள் ஓட வேண்டாம்.

வயது 52, பத்து ஆண்டாகச் சர்க்கரை நோய். ஜனவரியில் அரை மராத்தான், அடுத்து மகா சிவராத்திரிக்குச் சிவாலய ஓட்டம் என்று நினைத்திருக்கிறேன். சரியா?
– தக்கலை வாசகர்

இரண்டில் ஒன்றைத்தான் இந்த ஆண்டு முதன்மையாக எடுக்க வேண்டும். சிவாலய ஓட்டத்தைப் பக்திக் காரியமாக மட்டும் பார்த்து, பயிற்சியில்லாமல் இறங்குகிறவர்கள் அதிகம். முஞ்சிறை திருமலையில் தொடங்கித் திருநட்டாலத்தில் முடியும் பன்னிரண்டு கோவில்கள், நூறு கிலோமீட்டருக்கு மேல், இரவும் பகலும். உடலுக்கு அது இரண்டு மராத்தானைவிட அதிகம். சிவராத்திரி பிப்ரவரியிலோ மார்ச் தொடக்கத்திலோ வரும். ஜனவரி அரை மராத்தானைப் பந்தயமாக ஓடாமல், நிதானமான பயிற்சியாக ஓடினால் இரண்டும் ஒத்துப்போகும்.

முதலில் மருத்துவரிடம் ஈசிஜி, டிரெட்மில் சோதனை, காலில் உணர்ச்சிச் சோதனை மூன்றும் கேளுங்கள். பாத உணர்ச்சி குறைந்திருந்தால் வெறுங்காலோடு போவதை விட்டுவிடுங்கள். முள்ளோ கண்ணாடியோ ஏறியது தெரியாமலே அடுத்த கோவிலுக்குப் போய்விடுவீர்கள். அந்தப் புண் ஆற மாதக்கணக்காகும். கோவில் நடைவரை செருப்போடு போய் வெளியே கழற்றிவிட்டு உள்ளே போனால் சாமி கோபிக்க மாட்டார்.

பயிற்சி பெரும்பாலும் நடைதான். டிசம்பரிலிருந்து வாரம் ஒரு நாள் மூன்று, நாலு, ஐந்து, ஆறு மணி நேரம் என்று ஏற்றுங்கள். அதில் இரண்டு முறை இரவு பத்து மணிக்குத் தொடங்குங்கள். ஒவ்வொரு கோவிலிலும் குளித்துவிட்டு ஈரத்துணியோடு ஓடுவதால்தான் கோவிந்தன்மாருக்கு (சிவாலய ஓட்டம் ஓடும் பக்தர்களுக்கு) தொடை இடுக்கில் தோல் உரிகிறது. கிளம்பும் முன் தொடையிலும் கால்விரல் இடுக்கிலும் வாஸ்லின் தடவி, நாலு கோவிலுக்கு ஒருமுறை மறுபடி தடவுங்கள். மகனோ மருமகனோ பைக்கில் உலர்ந்த துணி, குளுக்கோமீட்டர், இனிப்பு எடுத்துக்கொண்டு கூட வரட்டும். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை சர்க்கரை பாருங்கள். 100-க்குக் கீழே இருந்தால் ஏதாவது சாப்பிட்ட பிறகே அடுத்த அடி. விரதம் இருக்கும் நாட்களில் மாத்திரை, இன்சுலின் அளவை நீங்களாகக் கூட்டிக் குறைக்க வேண்டாம், மருத்துவர் எழுதித் தரட்டும்.

லாங் ரன்னில் எனர்ஜி ஜெல்லுக்குப் பதில் கருப்பட்டி, நேந்திரன் போதுமா? தண்ணீர் எவ்வளவு?
– கொட்டாரம் வாசகர்

போதும். ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் ஓடினால் மணிக்கு 40 முதல் 60 கிராம் மாவுச்சத்து வேண்டும். நன்றாகப் பழுத்த நடுத்தர நேந்திரன் ஒன்றில் ஏறக்குறைய 35 கிராம். 20 கிராம் கருப்பட்டித் துண்டில் 17 கிராம் வாக்கில். நேந்திரனைத் தோலில் கருப்புப் புள்ளி விழுந்த பிறகே எடுங்கள். காயாக இருந்தால் வயிறு பிடிக்கும். கருப்பட்டி வியர்வையில் இளகி ஒட்டும், ஆகவே ஒவ்வொரு துண்டையும் தனித்தனியே பட்டர் பேப்பரில் சுற்றுங்கள். கடித்ததும் இரண்டு மடக்குத் தண்ணீர். ஓஆர்எஸ் உப்புக்கு மட்டும். ஒரு லிட்டர் பாக்கெட்டில் குளுக்கோஸ் 13.5 கிராம்தான், பசிக்கு உதவாது. அரை பாக்கெட்டை அரை லிட்டரில் கண்ணளவாகக் கலக்காதீர்கள். முழு பாக்கெட்டையும் முழு லிட்டரில் கலந்து, பிறகு பாட்டிலில் பிரியுங்கள்.

தண்ணீர் அளவை வீட்டு எடைமெஷினே சொல்லும். ஓடும் முன் உடையில்லாமல் எடை: 68.0 கிலோ. ஒரு மணி நேர ஓட்டம், நடுவில் 300 மி.லி. குடித்தீர்கள். வந்து துடைத்துவிட்டு எடை: 67.1. குறைந்தது 0.9, குடித்தது 0.3, ஆக மணிக்கு 1.2 லிட்டர் வியர்வை. அதில் பாதியைக் குடித்தால் போதும், 600 மி.லி. ஓடி முடித்ததும் எடை கூடியிருந்தால் அளவுக்கு மீறிக் குடித்திருக்கிறீர்கள். இரத்தத்தில் சோடியம் குறைந்து தலைவலி, வாந்தி, குழப்பம் வரும். அது உயிருக்கே ஆபத்து.

பிள்ளைக்குக் காய்ச்சல், பிறகு எனக்கு. பன்னிரண்டு நாள் ஓடவில்லை. போட்டிக்கு ஏழு வாரம். திட்டம் பாழா?
– அருமனை வாசகி

பாழில்லை. ஒரு வாரம் வரை விட்டால் ஒன்றும் ஆகாது. விட்ட இடத்திலிருந்து தொடரலாம். இரண்டு வாரம் விட்டால் திட்டத்தில் இரண்டு வாரம் பின்னால் போய்த் தொடங்குங்கள். நீங்கள் இந்த வகை. மூன்று வாரத்துக்கு மேல் விட்டவர் முழு மராத்தானை அரை மராத்தானாக மாற்றிக்கொள்ளலாம். விட்ட கிலோமீட்டரை அடுத்த வாரத்தில் சேர்த்து ஓடி ஈடுகட்ட மட்டும் வேண்டாம். காலில் அடிபடுவது பெரும்பாலும் அந்த வாரத்தில்தான். காய்ச்சல் மாத்திரை இல்லாமல் இரண்டு நாள் முழுதாகச் சூடு ஏறாமல் இருந்த பிறகு 20 நிமிட நடை, மறுநாள் 20 நிமிட ஓட்டம். நெஞ்சில் பாரமோ, வழக்கத்துக்கு மாறான படபடப்போ தெரிந்தால் நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள்.